நூற்றுப் பதினேழாம் எண் கோட்டைக்கு ஓடிய கதை

நான் ஒருமுறை தெய்வமாக இருந்திருக்கிறேன். அதிக நேரமில்லை, இருபத்தைந்து நிமிடம். இடம், பல்லாவரம். நானாக ஆசைப்பட்டு வாங்கிய பதவியும் இல்லை. நான் கேட்டது ஒரு சொம்பு தண்ணீர்தான்.

மற்றவர்கள் தாங்கள் பட்ட அவமானத்தை மூடி மறைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. என்னுடையது மாலைப் பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது. கண்டவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பத்தொரு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு காலனியில் குடியிருந்தோம். சைதாப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். உட்கார்ந்தே வேலை பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், நாங்கள் இருவரும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து காலை ஐந்தரை மணிக்குக் காலனி மைதானத்தில் ஓட ஆரம்பித்தோம். ஓட்டம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் மூச்சு வாங்கல்.

மூன்றே வாரம். காலனி சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வந்துவிட்டது: பெண்கள் மைதானத்தில் ஓடக் கூடாது, வேண்டுமானால் அவரவர் மொட்டை மாடியில் ஓடிக்கொள்ளலாம். கொண்டுவந்தவர் செயலாளர் சௌந்தரராஜன் சார், ரிடையர் ஆன பேங்க் மேனேஜர்.

"லேடீஸ் ஓடினா ஜென்ட்ஸுக்கு சங்கடமா இருக்கும்மா" என்றார்.

"எங்களுக்கு ஒண்ணும் சங்கடமா இல்லையே சார்" என்றேன்.

"அதுதாம்மா சங்கடமே."

கூட்டம் சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். (இன்றைக்கும் அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. சொன்னால் நம்புங்கள், பரம்பரைச் சொத்து.) மாடியில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, ஆண்கள் ஷட்டில் ஆடுவது ஆறரைக்குத்தானே, அதுவரை மைதானம் சும்மாதானே கிடக்கிறது என்று படபடவென்று கேட்டேன். அவர் மடித்து வைத்திருந்த பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"டிரெய்னைப் பிடிக்க ஓடறதெல்லாம் ஓட்டம் ஆயிடாதும்மா. இதோ, மராத்தான்னு ஒண்ணு வெக்கறாங்க. பட்டணத்தோட பழமையைக் கொண்டாடறதுக்காம். நம்ம தாம்பரத்துல ஆரம்பிச்சுக் கோட்டையில முடியறது. இதை முழுசா ஓடி முடிச்சு சர்ட்டிபிகேட்டோட வாங்க. அஞ்சரையிலேருந்து ஆறரை வரைக்கும் கிரவுண்டு உங்களுக்குத்தான். மினிட் புக்குலயே எழுதிடறேன்."

"இப்பவே எழுதிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஸ்டெல்லா பின்னாலேயே கை தட்டிக்கொண்டு வந்தாள்.

பேப்பரைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். வீட்டில் இவர்தான் (என் கணவரைச் சொல்கிறேன். பெயர் சொல்லும் பழக்கம் அப்போதும் இல்லை, இப்போதும் வரவில்லை) அந்த விளம்பரத்தை முழுசாகப் படித்தார்.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கே" என்றார்.

"கோட்டைக்கு இருபத்தெட்டுதானே வரும்?"

"முதல்ல வண்டலூருக்குப் போய்த் திரும்பி வந்துட்டு அப்புறமா கோட்டைக்கு ஓடணுமாம்."

"வண்டலூருக்கு எதுக்கு?"

"தூரம் பத்தலையாம்."

மராத்தான் என்றால் அலுவலக விளையாட்டு விழாவில் வைப்பது போல ஏதோ ஒன்று, கொஞ்சம் நீளம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஆனால் தீர்மானத்தை எழுத வைத்துவிட்டு வந்தாயிற்று. ஆறு பெண்களுடைய காலை நேரம் என் காலில் வந்து மாட்டிக்கொண்டது.

பயிற்சிக்கு மைதானம் கிடையாது என்பதால் முடிச்சூர்ப் பக்கம் போனேன். அப்போது அங்கே எல்லாம் வயல்தான். வரப்பு ஓரமாக, வண்டிப் பாதையில் ஓடுவேன். முதல் வாரம் எதிரே வந்தவர்கள் எல்லாரும் பதறிப் போனார்கள். "யார் வூட்ல இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டு, ஒருவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விடவே தயாராகிவிட்டார். ஒரு பெண் பிள்ளை ரோட்டில் ஓடுகிறாள் என்றால் ஒன்று சாவு, இல்லையென்றால் தீ விபத்து. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதிலிருந்து நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

பத்து வாரம் ஓடினேன். அலுவலகம் போய் வந்து, சமைத்து, ஆறு வயது மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அதற்கு நடுவில் ஓடினேன். கால் நகம் இரண்டு கறுத்து விழுந்தது. தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் ஒருநாள் ஓடிப் போய், திரும்பி வர வலு இல்லாமல் மின்சார ரயிலில் ஏறி நின்றுகொண்டே தூங்கினேன். அதையெல்லாம் இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அந்தப் பத்து வாரத்தை ஓடியது நான்.

இனி உடை. சேலையில் ஓட முடியாது. இவர் எங்கேயோ தேடி ஒரு சுடிதார் வாங்கி வந்தார். பளீரென்று மஞ்சள்.

"ஏங்க இந்தக் கலரு?"

"விடியக்காலை இருட்டுல ஜி.எஸ்.டி. ரோட்டுல ஓடப்போற. லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

நியாயமான பேச்சு. துப்பட்டா சிவப்பு. அது காலில் சிக்காமல் இருக்க இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நெற்றியில் எப்போதும் வைக்கிற பெரிய குங்குமப் பொட்டு. பெருங்களத்தூர்ப் பக்கம் தெருநாய்கள் அதிகம் என்று ஸ்டெல்லா பயமுறுத்தியிருந்தாள். அதனால் வாசல் மரத்தில் ஒரு கிளை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். வாசலில் இருந்தது வேப்பமரம்.

அன்றைக்கு ஆடி ஞாயிற்றுக்கிழமை.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஏற்பாடு செய்தவர்களுக்கும் புரியவில்லை. ஆடி ஞாயிறு என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், பம்பை அடிப்பார்கள், ரோடே அடைத்துவிடும் என்பதை, தினசரி காலண்டர் கிழிக்கிற எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் விசில் ஊதினார்கள். பன்னிரண்டு மணிக்குள் கோட்டையைத் தொட வேண்டும், அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு சர்ட்டிபிகேட் கிடையாது. என் நெஞ்சில் ஊக்கு குத்திய துணியில் 117 என்று நம்பர். பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் கல்லூரிப் பெண்கள். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் அவர்கள் கண்ணை விட்டு மறைந்தார்கள். நாய்களும் நானும் மிச்சம். வண்டலூர் மிருகக்காட்சிசாலை வாசலில் திரும்பும்போது உள்ளே ஒரு சிங்கம் கர்ஜித்தது. நான் அதுவரை ஓடியதிலேயே வேகமான ஒரு கிலோமீட்டர் அதற்கு அடுத்த கிலோமீட்டர்தான்.

மறுபடி தாம்பரம் வந்தபோது ஸ்டேஷன் எதிரில் ஸ்டெல்லாவும் மற்ற பெண்களும் குளுக்கோஸ் தண்ணீரோடு நின்றிருந்தார்கள்.

"விட்றாத விஜி! எனக்கு சர்ச்சுக்கு நேரமாச்சு, உனக்காக பிரேயர் பண்றேன்" என்று ஸ்டெல்லா கத்தினாள்.

"பன்னெண்டு மணி வரைக்கும் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். இவர் பிளாஸ்கில் காபியோடு கோட்டைக்கு ரயில் ஏறினார். எனக்கு ஏழு மணி நேரம் ஆகப்போகிற தூரத்தில் பெரும்பகுதியை இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே கடந்தார்.

குரோம்பேட்டையில் தண்ணீர் கொடுக்கும் மேஜையை மடித்து வேனில் ஏற்றிவிட்டார்கள். "எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனைச்சோம் மேடம்" என்றார் ஒருவர். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. வருத்தத்தைக் குடிக்க முடியுமா? பல்லாவரம் வந்தபோது மணி எட்டே கால். வெயில் ஏறிவிட்டது. கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் புரண்டது. குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் ரோட்டோரத்தில் ஒரு சந்து முனையில் தோரணமும், அதற்குப் பின்னால் ஒரு பெரிய அண்டாவும் கண்ணில் பட்டன.

அண்டா இருந்தால் தண்ணீர் இருக்கும். சந்துக்குள் திரும்பினேன்.

பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. மஞ்சள் சேலை கட்டிய ஐம்பது அறுபது பெண்கள். நான் முடியை விரித்துக்கொண்டு, கையில் வேப்பிலையோடு, மஞ்சளும் சிவப்புமாக, வாயைப் பிளந்துகொண்டு நேராக அவர்கள் நடுவில் ஓடிப் போய் நின்றேன். பம்பை நின்றது. பிறகு முன்னால் நின்ற ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். கன்னியம்மா என்று அவளைக் கூப்பிட்டார்கள்.

"எம்மா... வந்துட்டியாம்மா! எங்க தெருவத் தேடி வந்துட்டியா தாயி!"

"தண்ணி" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றிவிட்டாள். இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடிக் கொதித்துக் கிடந்த உடம்பு. ஜில்லென்று பட்டதும் உச்சி முதல் உள்ளங்கால் வரை உதறிப் போட்டது. பல் கிட்டித்து ஒரு சத்தம் வேறு வந்தது. அருள்தான், சந்தேகமே இல்லை என்று தெரு முடிவு செய்துவிட்டது. ஐம்பது பேரும் குலவை போட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். கழுத்தில் ஒரு வேப்பிலை மாலை விழுந்தது. ஒருத்தி என் கேன்வாஸ் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நான் அப்போதே "அம்மா, நான் மராத்தான் ஓடுகிற டைப்பிஸ்ட்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யாரோ ஒரு சொம்பு கூழை அதில் ஊற்றிவிட்டார்கள். (பொய் சொல்லக் கூடாது. அந்தக் கூழ் மாதிரி ஒரு ருசியை நான் பிறகு கண்டதில்லை.)

கன்னியம்மா தட்டை ஏந்திக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள். அருள் வந்தவர்களிடம் அப்படித்தான் கேட்பார்கள்.

"எங்கேந்து வர தாயி?"

மூச்சு வாங்கிக்கொண்டே "தாம்பரம்" என்றேன்.

"எங்க போற?"

"கோட்டைக்கு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "கோட்டைக்கா! அம்மா கோட்டைக்குப் போறாளாம்!"

"அங்க இன்னா தாயி சோலி?"

"முடிக்கணும்... பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கணும்."

பம்பை வைத்திருந்தவன் முன்னால் வந்தான். ஒல்லியான ஆள், கண் சிவந்திருந்தது. "இன்னாத்த முடிக்கணுமாம்?" என்று கேட்டான்.

"வாய மூடுய்யா" என்று கன்னியம்மா அவனை அடக்கினாள். "மூணு மாசமா குழாயில சொட்டுத் தண்ணி வர்ல. வந்ததும் வராததுமா தாயி தண்ணின்னு கேட்டா பாத்தியா? கோட்டையில போய்க் கேட்டு பன்னெண்டு மணிக்குள்ள நம்ம தண்ணிப் பேஜார முடிச்சுடறேன்னு சொல்றா. இது கூட வெளங்கல, நீயெல்லாம் இன்னா பம்பக்காரன்?"

தெரு முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு இருபத்தெட்டு. இப்படியே நின்றால் காலனிக் கிரவுண்டு போயே போய்விடும். உண்மையைச் சொல்லிப் புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் என்னிடம் இல்லை.

"பூட்ஸைக் குடு" என்றேன்.

"தாயி பூட்சு கேக்குறா!"

இரண்டு ஷூவும் தாம்பாளத்தில் வந்தன. பூ வைத்து, பொட்டு வைத்து. நான் உட்கார்ந்து கயிறு கட்டுவதை ஐம்பது பேரும் கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் ஷூ மாட்டியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு பக்தியோடு பார்த்ததில்லை.

எழுந்தேன். "தண்ணி எப்பம்மா வரும்? ஒரு வாக்கு சொல்லிட்டுப் போ" என்று வழியை மறித்தார்கள்.

"நான் போனாத்தான் வரும். என்னைப் போக விடுங்க."

படக்கென்று கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. இதுவரை சரிதான். ஓட ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போது கன்னியம்மா என் காலில் விழுந்தாள். இவ்வளவு நேரம் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தவளுடைய குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது.

"என் புருசன் தாயி. குடிச்சிட்டு வந்து அடிக்கிறான். உட்டுடச் சொல்லு தாயி. நீ சொன்னா கேப்பான்."

அவள் கை காட்டிய புருஷன் அந்தப் பம்பைக்காரன். அவளுடைய முன்கையில் ஒரு காயம் பழுத்துக்கிடந்தது.

நான் பயந்த சுபாவம். அலுவலகத்தில் ஹெட்கிளார்க் குரலை உயர்த்தினால் எழுத்துப் பிழை போடுகிறவள். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ புறப்பட்டது. அது அம்மன் இல்லை. எங்கள் வீட்டுப் பரம்பரைக் கோபம்தான். வேப்பங்கிளையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இனிமே குடிப்பியாடா?"

என் மகனைத் தவிர ஓர் ஆண்பிள்ளையை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் கைகூப்பினான். "இல்ல தாயி" என்றான்.

"இவ மேல கை வெப்பியா?"

"இல்ல தாயி. சத்தியமா இல்ல."

"அப்ப வழிய விடு. கூட வந்து லாரியெல்லாம் நிறுத்து."

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. அவனோ சிரமேற்கொண்டான். பம்பையை அடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடினான். "வழி வுடு! அம்மா கோட்டைக்குப் போறா, வழி வுடு!" லாரிகள் நின்றன. பஸ்கள் ஒதுங்கின. ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டே ஓடினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பம்பை அடிக்குக் கால் தானாக எழுந்தது. பல்லாவரத்திலிருந்து திரிசூலம் வரை நான் ஓடியது போல நான் ஓடியதே இல்லை. விமான நிலையத்துக்கு எதிரே அவன் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். அதற்குச் சற்று முன்னால்தான் டாக்சியிலிருந்து இறங்கிய யாரோ எங்களைப் போட்டோ எடுத்தார்கள். அது யார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டைப் பாலம். மலைமேல் மாதா கோயில் மணி அடித்தபோது ஸ்டெல்லாவின் பிரேயர் முடிந்திருக்குமோ என்று கவலைப்பட்டேன். சைதாப்பேட்டையில் என் அலுவலகத்தை ஓடியே கடந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் என்னை அந்தக் கோலத்தில் பார்க்க ஹெட்கிளார்க் இல்லை, கடவுள் இருக்கிறார். மவுண்ட் ரோட்டில் முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்று சொல்லிவிட்டன. நடந்தேன், ஓடினேன், அழுதேன், மறுபடி ஓடினேன். இதற்கு நடுவில் இரண்டு பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்தபோது "கிட்ட வந்தா கடிச்சிடுவேன்" என்றேன். அவர் அதையும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது பதினொன்று ஐம்பத்து மூன்று. முடிவுக் கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு ஐம்பது அடி முன்னால் பேட்ஜ் குத்திய ஒருவர் இரண்டு கையையும் விரித்து என்னை மறித்தார்.

"இந்தப் பக்கம் சாமி ஊர்வலத்துக்கெல்லாம் பர்மிஷன் இல்லைம்மா. அப்படிச் சுத்திப் போங்க."

நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் கடைசி ஐம்பது அடி. பத்து வாரம், இரண்டு நகம், ஆறு பெண்களுடைய காலை நேரம். எல்லாம் இந்த மனிதருடைய இரண்டு கைகளுக்கு அந்தப் பக்கம். கழுத்து மாலையை அறுத்து எறிந்தேன். மஞ்சளும் குங்குமமும் ஏறிப் போன நம்பர் துணியை இழுத்து அவர் மூக்குக்கு நேரே காட்டினேன்.

"நான் சாமி இல்ல சார்! நூத்திப் பதினேழு!"

அவர் குனிந்து பார்த்தார். சந்தேகப்பட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பிளாஸ்கை ஆட்டிக்கொண்டு இவர் கத்தினார்: "அது என் பெண்டாட்டிதான் சார்! விடுங்க சார்! விஜயா, வா!"

ஊர் முழுக்க என்னைத் தாயி என்று கூப்பிட்டுவிட்ட பிறகு என் சொந்தப் பெயரைக் கேட்டேன். பேட்ஜ்காரர் கைக்குக் கீழே குனிந்து புகுந்து ஓடினேன். பதினொன்று ஐம்பத்தாறு. நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் பந்தல் கம்பு மட்டும்தான் வந்தது.

மறுநாள் மாலைப் பேப்பர் வந்தது. அரைப் பக்கப் படம். வேப்பிலை மாலையும் விரித்த தலையுமாக நான், முன்னால் பம்பை. 'தண்ணீர் கேட்டுக் கோட்டைக்கு ஓடிய பெண் பக்தை' என்று கீழே போட்டிருந்தது. திரிசூலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பம்பைக்காரர் நிருபருக்கு விவரம் கொடுத்திருக்கிறார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரமே அந்தச் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று ஒரு செய்தி. அந்த வாக்கும் பலித்துவிட்டது.

ஓடி முடித்த மூன்றாம் நாள், புதன்கிழமை, சங்கக் கூட்டம். நான் சர்ட்டிபிகேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலைத் தூக்கிவைத்துப் போனேன். சௌந்தரராஜன் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் மனைவி வெற்றிலை பாக்குத் தட்டோடு பக்கத்தில்.

"கிரவுண்டு உங்களுக்குத்தாம்மா" என்றார். "அம்பாள் விஷயத்துல நாம குறுக்க நிக்கப்படாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக் குதித்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, வாங்கிக்கொண்டு பேசாமல் வர வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை.

"சார், அம்பாள் ஓடல. அம்பாளுக்கு ஒரு நகம் கூட விழல. ஓடினது நான். இதைப் படிங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

"சத்தமாப் படிங்க சார்."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். என் பெயர், தூரம், ஆறு மணி ஐம்பத்தாறு நிமிடம். அதை அப்படியே மினிட் புத்தகத்தில் எழுத வைத்தேன். எழுதி முடித்து அவர் கையெழுத்துப் போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் பதினொரு பெண்கள் வந்து நின்றார்கள். நான் மட்டும் ஓட முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வருஷத்துக்கு முன்னால், ஆடி ஞாயிறன்று நானும் இவரும் பல்லாவரம் வழியாக ஆட்டோவில் வந்தோம். அந்தச் சந்து முனையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் உடுத்தி, இடுப்பில் சிவப்புத் துணி கட்டி, கையில் வேப்பங்கிளையோடு நூறு பெண்களுக்கு மேல் கோயிலிலிருந்து பெரிய ரோடு வரை ஓடிவந்தார்கள். சின்னப் பெண்கள், நரைத்தவர்கள், குண்டானவர்கள். அத்தனை பேர் காலிலும் ஷூ. முன்னால் ஆண்கள் கை கோத்து லாரிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரமாக நின்ற ஒரு பெண்ணிடம் இது என்ன என்று கேட்டேன்.

"அம்மன் ஓட்டம் ஆன்ட்டி. எங்க தெருவுல மட்டும்தான் கீது. எங்க பாட்டி காலத்துல தண்ணியே இல்லாம போச்சாம். அப்ப அம்மனே நேர்ல வந்து, கூழ் குடிச்சிட்டு, பூட்சு வாங்கிப் போட்டுகினு கோட்டைக்கு ஓடிச்சாம். தண்ணியக் குடுத்துட்டு அப்படியே மாயமாப் போயிடுச்சாம். எங்க தாத்தாதான் கூடவே பம்பை அடிச்சுகினு ஓடினாரு. அன்னிலேருந்து ஆடி மாசம் முழுக்கக் குடிக்கவே மாட்டாரு."

"மத்த மாசம்?"

"குடிப்பாரு. ஆனா பாட்டி மேல கை வெக்க மாட்டாரு. பாட்டி கையில வேப்பங்கிளைய எடுத்தா போதும், ஆள் வூட்டுப் பக்கமே வர மாட்டாரு."

பெருமைதான், வேறென்ன சொல்ல? நூறு பெண்கள் பட்டப்பகலில் நடு ரோட்டில் ஓடுகிறார்கள். ஏன் ஓடுகிறாய், யார் வீட்டில் என்ன ஆச்சு என்று ஒருத்தர் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கூடவே மூக்கு நுனியில் அந்தக் கோபமும் வந்து உட்கார்ந்தது.

"மாயமால்லாம் போகலம்மா" என்றேன். "கோட்டை ஸ்டேஷன்ல டிரெய்ன் ஏறி, தாம்பரத்துல இறங்கி, வீட்டுக்குப் போய் மறுநாள் இட்லிக்கு மாவு அரைச்சா."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாமி விசயத்துல காமெடி பண்ணாதீங்க ஆன்ட்டி. ஓரமா நில்லுங்க, ஓடறவங்களுக்கு வழி வுடுங்க."

ஆட்டோவில் இவர் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் இது ஒரு பேச்சாகிவிட்டது. நான் இன்றைக்கும் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போகிறேன். அந்த நேரத்தில் யாராவது போன் செய்தால் இவர் எடுத்து, கொஞ்சமும் சிரிக்காமல் சொல்கிறார்:

"அம்மன் இப்ப மாயமாப் போயிருக்கா. ஆறரைக்கு மேல கூப்பிடுங்க."